கிழக்கு யன்னலை மறைத்த கதவுகள்

தலைமைத் தச்சரான எறோல் பாஸின் பட்டறைக்குப் பின்னால் இருந்த களஞ்சியத்தில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட கதவுகள் சும்மா கிடந்தன. வெறும் பலகைகள் அல்ல. நிலை, பிணைச்சல், கொண்டி எல்லாம் பூட்டி, கொண்டுபோய் ஒரு வீட்டில் நாட்டினால் அன்றைக்கே சாத்தித் திறக்கலாம் என்னும்படி செய்து முடித்த கதவுகள். ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்கியிருந்ததால் களஞ்சியத்துக்குக் கிழக்குப் பக்கத்தில் ஒரு யன்னல் இருந்த நினைப்பே அங்கே யாருக்கும் இல்லாமற் போயிருந்தது.

அவை வந்த கதையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த வருடம், வீடு கட்டிக் கொடுக்க வந்த ஒரு தொண்டு நிறுவனம் முந்நூறு வீடுகளுக்குக் கதவு செய்யச் சொன்னது. முற்பணமும் தந்தது. எறோல் கல்லடி, டச் பார் என்ற ஊர்களில் இருந்த ஓடாவிமாரை, தச்சு வேலைக்காரரையெல்லாம் கூட்டிக்கொண்டு இரவு பகலாகச் சீவினார். பாதிக் கதவுகளை ஏற்றிப் போனவர்கள் மீதிக்கு வரவேயில்லை. காணி மாறிற்று, வரைபடம் மாறிற்று, சண்டை திரும்பவும் தொடங்கிற்று. கடைசியில் அந்த நிறுவனமே ஊரைவிட்டுப் போய்விட்டது. போகும்போது, மிச்சத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். எங்கே வைப்பது என்பதை மட்டும் சொல்லவில்லை.

இதற்குள் இன்னொரு சிக்கலும் இருந்தது. எறோலின் தகப்பனார் காலத்திலிருந்து அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். எதைச் செய்தாலும் பன்னிரண்டு முடிந்ததும் பதின்மூன்றாவதாக ஒன்று செய்வார்கள். அது தேவ மாதாவுடையது. அதை விற்கக் கூடாது. வசதி இல்லாத ஒருவர் வந்து வாய் திறந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டும். "கேக்காத ஆளுக்குக் குடுத்தா அது நம்மட பெருமைக்குக் குடுக்கிறது" என்பார் தகப்பனார். அவர் காலத்தில் வருடத்துக்கு இரண்டு கட்டிலும் ஒரு மேசையும் அப்படிப் போகும். ஆனால் கடலுக்குப் பிறகு வேலை நூற்றுக்கணக்கில் வந்தது, பதின்மூன்றாவதுகளும் குவிந்தன. வாங்கத்தான் ஆள் இல்லை. ஒரே வீட்டுக்கு மூன்று நிறுவனங்கள் மூன்று கட்டில் கொடுத்த காலத்தில் யார் வந்து கேட்பார்கள்?

இப்போது யுத்தமும் முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. பாதைகள் திறந்தன. கொழும்பிலிருந்து பிளாஸ்டிக் கதவும் இரும்புக் கதவும் லொறி லொறியாக வந்தன. பட்டறையில் வேலை குறைந்தது. ஆறு ஓடாவிமார் கிழமைக்கு மூன்று நாள் மட்டும் வந்தார்கள். அவர்களில் மூத்தவரான வினாயகமூர்த்தி கட்டார் நாட்டுக்குப் போவதற்குக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டார் என்ற செய்தி பிறிசில்லாவின் காதில் விழுந்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறிசில்லா எறோலின் அக்கா. ஐம்பத்தாறு வயது. பட்டறையின் கணக்கு, கொடுக்கல் வாங்கல், ஓடாவிமாருக்குப் பத்து மணித் தேநீர் எல்லாம் அவள் பொறுப்பு. கலியாணம் செய்துகொள்ளவில்லை. "இந்தத் தம்பியைக் கட்டி மேய்க்கிறதே ஒரு சீவியத்துக்குப் போதும்" என்று யாராவது கேட்டால் சொல்வாள்.

அந்த வருடம் ஜூலை மாதம், பள்ளிக்கூடங்களுக்குத் தளபாடம் வாங்கும் உத்தியோகத்தர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். எழுநூறு மேசை, எழுநூறு கதிரை. ஆறு பேருக்கும் இரண்டு வருடத்துக்கு முழு வேலை. அவர் எறோல் செய்த ஒரு கதிரையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அதன்மேல் ஏறியும் நின்றார். திருப்தியாக இறங்கிக் களஞ்சியத்துக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பாஸ், செய்து முடிக்கிற சாமானை எங்க வைப்பீங்க?"

"அதெல்லாம் வைக்கலாம் சேர்."

"எங்க? உங்கட தலையிலயா? மாரி தொடங்கினா ஒரு மேசைகூட நனையப்படாது. ஒக்டோபர் முதல் திங்கட்கிழமை நான் திரும்பவும் வருவன். இந்த இடம் வெறுமையாக் கிடந்தா வேலை உங்களுக்கு. இல்லையெண்டா கொழும்புக் கொம்பனிக்குத்தான் குடுக்க வேண்டி வரும். கோவிக்காதீங்க."

அவர் போனபின் எறோல் ஒரு கதவைத் தட்டிப் பார்த்தார். "நல்ல கதவு," என்றார், பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

"நல்ல கதவுதான். அதுதான் வழியை மறிச்சுக்கொண்டு நிக்குது," என்றாள் பிறிசில்லா.

அந்தக் கிழமையே நகரத்தில் சிறு தொழில் செய்பவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி ஒன்று நடந்தது. பிறிசில்லா கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கொழும்பிலிருந்து வந்த ஓர் இளம் பெண் வெள்ளைப் பலகையில் அம்பொன்று கீறி, தேங்கிக் கிடக்கும் சரக்கு உறங்கும் முதல் என்றும், அதை எழுப்ப இலக்கு வேண்டுமென்றும் சொன்னாள். இலக்கென்றால் ஆசை அல்ல. என்ன பொருள், எவ்வளவு, எந்த நாளைக்குள், யார் பொறுப்பு என்று சொல்ல முடிந்தால்தான் அது இலக்கு. எல்லோரும் தங்கள் இலக்கைச் சொல்ல வேண்டும் என்றதும், ஒரு கோழித்தீன் வியாபாரி எழும்பி "கொஞ்சம் குறைக்க வேணும்" என்றார். மண்டபம் சிரித்தது. பிறிசில்லா சிரிக்கவில்லை. அவளும் அதைத்தான் சொல்வதாக இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கரித்துண்டொன்றை எடுத்துக்கொண்டு களஞ்சியத்துக்குப் போய், வாசலோரம் இரண்டு திகதிகளை எழுதினாள்.

"எறோல், இஞ்ச வா. ஓகஸ்ட் பதினைஞ்சு, மாதாவிட திருநாளுக்குள்ள எனக்குக் கிழக்கு யன்னல் தெரிய வேணும். செப்டெம்பர் முடியிறதுக்குள்ள பின்சுவர் முழுக்கத் தெரிய வேணும். இதுதான் இலக்கு."

"எண்ணிக்கை சொல்லாம யன்னல் சுவர் எண்டு சொல்றாய்?"

"எண்ணினா நீ பிழையா எண்ணுவாய். யன்னல் பொய் சொல்லாது."

"பொறுப்பு ஆர்?"

"நான். உழைப்பு நீ."

எறோல் தலையைச் சொறிந்தார். "பதின்மூண்டாவதுகளை விக்க நான் சம்மதிக்கமாட்டன் அக்கா. அது நம்மடது இல்ல."

"ஆர் விக்கச் சொன்னது? கேக்கிற ஆளைத் தேடிப் பிடிப்பம்."

"தேடிப் பிடிச்சுக் கேக்க வைக்கிறது கேக்கிறதா?"

பிறிசில்லா கரி பட்ட விரலைத் துடைத்தாள். அப்பாவும் இல்லை, கேட்டுச் சொல்ல.

முதலில் வீதியோரத்தில் 'கதவு மலிவு' என்று எழுதிய பலகை ஒன்றை நட்டார்கள். மூன்று கிழமையில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் விலாசம் விசாரிக்க வந்தவர். மற்றவர் கோழிக்கூட்டுக்கு ஒரு கதவைப் பாதியாக அறுத்துத் தரும்படி கேட்டார். எறோல் அவரைப் பார்த்த பார்வையில் அவர் சைக்கிளை உருட்டக்கூட மறந்து தூக்கிக்கொண்டு போனார். மூன்றாமவர் செட்டிபாளையத்தில் புது வீடு கட்டுகிறவர். அவர் ஒரு கதவை வாங்கிவிட்டு, "உங்கட பக்கமெல்லாம் எல்லாருக்கும் கதவு இருக்கே. இருக்கிற ஆளுக்கு இருக்கிறதையே விக்கப் பாக்கிறீங்க" என்று சொல்லிப் போனார்.

பத்து மணித் தேநீரோடு இதை ஓடாவிமாரிடம் சொல்லிச் சிரித்தாள் பிறிசில்லா. வினாயகமூர்த்தி தேநீரை ஆற்றிக்கொண்டே, "எங்கட பக்கம் கதவில்லாத வீடுதான் கூட" என்றார்.

பிறிசில்லா தேநீர்க் கேத்தலைக் கீழே வைத்தாள். "எந்தப் பக்கம்?"

"வாவிக்கு அங்கால, படுவான்கரையில. சண்டைக்குள்ள நாங்க ஒழும்பி ஓடினம் தானே. திரும்பிப் போக்குள்ள சுவர் நிண்டுது. கூரை, கதவு, யன்னல் எல்லாத்தையும் ஆரோ களட்டிக்கொண்டு போயிட்டானுகள். கூரை போட்டுத் தந்தாங்க. கதவுக்கு ஆக்கள் சாக்கும் படங்கும்தான் தொங்க விட்டிருக்காங்க. ராவையில நாய் நரி வாறதுக்கு மம்பட்டியை வாசல்ல சாத்திப்போட்டுப் படுக்கிறது."

"மனுசா! ஒரு மாசமா நான் கதவு கதவெண்டு கத்துறன். ஏன் சொல்லல்ல?"

"நீங்க விக்கத்தானே பாத்தீங்க பிறிசில்லாக்கா. எங்கட ஆக்களிட்டக் காசில்ல. மறுகா என்னத்துக்குச் சொல்லுவான்?"

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அதனால்தான் அது பிறிசில்லாவுக்கு உறைத்தது. இத்தனை நாளும் எங்கே விற்கலாம் என்றுதான் தேடினாள். எங்கே இல்லை என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

மாதா திருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது எறோலும் பிறிசில்லாவும் வினாயகமூர்த்தியும் ஒரு சின்ன உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஆறு கதவுகளை ஏற்றி மண்முனைத் துறைக்குப் போனார்கள். அங்கே அப்போது பாலம் இல்லை. வாவியைக் கடக்க மிதவை ஒன்றுதான். சனம், சைக்கிள், மாடு, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒன்றாக ஏறும். கதவுகளைப் படுக்கப் போட இடமில்லாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடு வாவியில் காற்று வந்து கதவுகளில் மோதியதும் மிதவை கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகாமல் தெற்கே போகப் பார்த்தது.

"பாஸ், கதவைத் திறவுங்க, காத்துப் போகட்டும்!" என்று மிதவைக்காரன் கத்தினான். ஆறு கதவையும் ஆறு பேர் திறந்து பிடித்தார்கள். ஒரு மாடு முதலாவது வாசலுக்குள்ளால் தலையை நீட்டிப் பார்த்தது. மிதவையில் இருந்த சனம் முழுவதும் கரை சேரும்வரை சிரித்தது.

வினாயகமூர்த்தியின் ஊர் வயல் வட்டைக்கு நடுவே இருந்தது. வேளாண்மை கதிர் தள்ளிக் கிடந்தது. இன்னும் ஒரு மாதத்தில் வெட்டு. முதலாவது வீட்டுக்காரி ஆச்சிப்பிள்ளை, பெயருக்கு ஆச்சியே தவிர நாற்பது வயதுதான். யுத்தத்தில் புருசனை இழந்தவள். இரண்டு பெண்பிள்ளைகள். வாசலில் நீலப் பிளாஸ்டிக் படங்கு ஒன்று காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்தது. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கதவுகளையும் வந்தவர்களையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன அண்ணே, வீட்டைக் கொண்டு வராம கதவை மட்டும் கொண்டு வந்திருக்கீங்க?" என்றாள் வினாயகமூர்த்தியிடம்.

"பாக்கத்தான் கொண்டு வந்தம் தங்கச்சி. விருப்பமெண்டா வாங்கலாம்."

"விருப்பமில்லாம ஆருகா இருக்கா? கையில ஒண்டுமில்ல." கதவைத் தடவிப் பார்த்தாள். கொண்டியைப் போட்டு எடுத்தாள். பிறகு வெட்கமும் குறும்புமாக எறோலைப் பார்த்துச் சொன்னாள்: "பாஸ், ஒரு கதவை எங்கட வாசல்ல நாட்டிக் காட்டுங்கவன். ஒரு ராவைக்கு மட்டும். புள்ளைகள் உள்ளுக்குக் கொண்டி போட்டுப் படுக்கிறதை ஒருக்காப் பாப்பம். காலையில களட்டிக்கொண்டு போங்க."

பிறிசில்லா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். எறோலின் கண்கள் நனைந்திருந்தன. ஆனால் அவர் குரல் வழக்கம்போல முரட்டுத்தனமாகத்தான் வந்தது.

"களட்டுறதுக்கு நான் நாட்டுறல்ல. நீ கேட்டுட்டாய். இது உன்ர கதவு."

"ஐயோ, நான் காசு—"

"காசை ஆர் கேட்டது? இது எங்கட மாதாவிட கதவு. கேக்கிற ஆளுக்கு எண்டு செய்தது. அஞ்சு வருசமா ஆரும் கேக்கல்ல. நீதான் முதல்."

ஆச்சிப்பிள்ளை கொண்டியை இன்னொருதரம் போட்டு எடுத்தாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப பொறுங்க. இப்ப ராகு காலம். நிலை நாட்டக் கூடாது" என்றாள்.

எறோல் உளியைக் கீழே வைத்தார். ஒன்றரை மணித்தியாலம் எல்லோரும் வேப்பமர நிழலில் இருந்து ராகு காலம் போகக் காத்திருந்தார்கள். அதற்குள் ஊரில் பாதி கூடிவிட்டது. மஞ்சள் வந்தது, மாவிலை வந்தது, யாரோ ஒரு இளநீர் கொண்டுவந்தார். எறோல் தன் வழக்கப்படி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நிலையைத் தூக்கினார். வினாயகமூர்த்தி பிள்ளையாரை நினைத்துக்கொண்டு மறுபக்கம் பிடித்தார். நிலை இம்மி பிசகாமல் நின்றது. இரண்டு கடவுளரும் தங்களுக்குள் ஒத்துப்போனார்கள் என்றுதான் பிறிசில்லா நினைத்தாள்.

"உங்கட மாதாவுக்கு எங்கட கோயில்ல ஒரு தேங்கா உடைக்கிறன்," என்றாள் ஆச்சிப்பிள்ளை. "அவ கோவிக்கமாட்டாவே?"

"தேங்காய்க்கு ஆரு கோவிப்பா?" என்றார் எறோல்.

அன்றைக்கு இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களுக்கும் பதின்மூன்றாவதுகளிலிருந்து போயிற்று. மற்றவர்கள் கேட்கவில்லை. கைகால் உள்ளவன் சும்மா வாங்குவதா என்ற ரோசம். ஆனால் பக்கத்து வீட்டில் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறபோது தன் வாசலில் சாக்கு ஆடுவதை எந்த மனுசன்தான் பார்த்துக்கொண்டிருப்பான்? மாலையில் ஒருவர் வந்து வினாயகமூர்த்தியைத் தனியே கூப்பிட்டார்.

"முந்தி ஓடாவிக்கும் கொல்லனுக்கும் களத்தில நெல்லுத்தானே அளந்தம். இப்பவும் அப்பிடிச் செய்தா என்ன? கதவு இப்ப தாங்க. வெட்டிச் சூடு அடிச்ச உடன நெல்லு தாறம்."

வினாயகமூர்த்தி வந்து அதைச் சொன்னதும் பிறிசில்லாவின் மனதில் வெள்ளைப் பலகையும் அம்பும் வந்தன. என்ன பொருள், எவ்வளவு, எந்த நாளைக்குள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "ஓம்," என்றாள் சந்தோசமாக.

அதன்பிறகு மண்முனை மிதவைக்காரனுக்குக் கதவு என்றாலே சிரிப்பு. நாள்தோறும் கதவு போனது. ஓகஸ்ட் பதினான்காம் திகதி பின்னேரம், எறோல் யன்னலை மறைத்த கடைசி அடுக்கை இழுத்ததும் கிழக்கு யன்னல் தெரிந்தது. கண்ணாடியில் தூசியும் சிலந்தி வலையும். பிறிசில்லா அதைத் துடைத்துத் திறந்தாள். அடுத்த நாள் காலை பூசைக்குப் போகுமுன் களஞ்சியத்துக்குள் வெயில் விழுந்து கிடந்ததைப் பார்த்து, கோயிலில் சொல்ல வேண்டிய நன்றியில் பாதியை அங்கேயே சொல்லிவிட்டாள். செப்டெம்பர் நடுவில் பின்சுவரும் முக்கால்வாசி தெரிந்தது. மிஞ்சியவை முப்பது கதவுகள். அளவில் கொஞ்சம் குட்டையானவை.

பிறகு அறுவடை வந்தது.

படுவான்கரை மக்கள் சொன்ன சொல் தவறாதவர்கள். பல வருடத்துக்குப் பிறகு பயமில்லாமல் விதைத்த முதல் போகம். நிலம் அள்ளிக் கொடுத்தது. செப்டெம்பர் இருபதாம் திகதி முதல் உழவு மெசின் வந்தது. அடுத்த நாள் இரண்டு. அதற்கடுத்த நாள் நான்கு. பேசினதற்கு மேலே ஒரு கடகம், அரை மூடை என்று அன்புக்கும் போட்டு அனுப்பினார்கள். ஆச்சிப்பிள்ளை, கொடுக்கத் தேவையில்லாதவள், இரண்டு மூடை அனுப்பி, "மாதாவுக்குப் பொங்க" என்று சொல்லிவிட்டாள். சாக்கு மூடைகள் சுவரோரமாக ஏறின. முதலில் பின்சுவர் மறைந்தது. பிறகு ஒரு மத்தியானம் பிறிசில்லா தேநீரோடு வந்து பார்த்தபோது கிழக்கு யன்னலும் இல்லை.

எறோல் மூடைகளின்மேல் ஏறி இருந்துகொண்டு சத்தம் போட்டுச் சிரித்தார்.

"அக்கா, உன்ர இலக்கு நல்லா இருக்கு. கதவை ஒழிச்சிட்டம். இனி நெல்லை ஒழிக்க ஒரு பயிற்சிக்குப் போ!"

"இறங்கடா கீழ," என்றாள் பிறிசில்லா. நாட்களை விரல் விட்டு எண்ணினாள். திங்கட்கிழமை உத்தியோகத்தர் வருவார். இடையில் இருந்தது சனி, ஞாயிறு. வினாயகமூர்த்தி உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கட்டாருக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் அவரை அன்று காலைதான் கூப்பிட்டிருந்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் ஒருவரிடமும் சொல்லாமல் முச்சக்கர வண்டி ஒன்றைப் பிடித்து, காத்தான்குடியில் அரிசி ஆலை வைத்திருந்த அப்துல் கபூரிடம் போனாள். ஆலை வாசலில் இறங்கியபோதே அவள் மனம் விழுந்துபோயிற்று. முற்றம் முழுவதும் நெல் மூடை. களஞ்சியம் நிறைந்து, வெளியில் வெறும் மண்ணில் அடுக்கி, மேலே படங்கு போட்டுக் கிடந்தது.

அப்துல் கபூர் கணக்குப் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி, முகம் நிறையக் களைப்பு.

"வாங்க பிறிசில்லா மிஸ். நெல்லு விக்க வந்தீங்க எண்டா அந்த வாசல்லயே திரும்பிப் போங்க," என்றார் சிரித்துக்கொண்டு. "இந்த வருசம் அல்லாஹ் அள்ளித் தந்துட்டான். வைக்கத்தான் எடமில்ல. எல்லாரும் எனக்கிட்டத்தான் கொண்டு வாறாங்க. இல்லை எண்டு சொல்ல வாய் வருகுதில்ல."

"நானும் அதுக்குத்தான் வந்தன் நானா," என்றாள், அவ்வூரார் அண்ணனை அழைக்கும் முறையில், உண்மையாக. வந்த காரணத்தையும், ஆறு ஓடாவிமாரையும், திங்கட்கிழமையையும் ஒளிக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் கண் அந்த மூடைகளின் அடிப்பக்கம் போயிற்று. கீழ் வரிசைச் சாக்குகள் கறுத்துப்போய் இருந்தன. குனிந்து தொட்டாள். ஈரம்.

"நானா, அடி மூடை தண்ணி குடிக்குது."

"தெரியும் மிஸ். நிலத்தில இருந்து ஏறுது. மழை வந்தா இதைவிட மோசம். கீழ போடப் பலகை தேடித் திரியிறன். ஊர் முழுக்கப் பலகைக்குத் தட்டுப்பாடு. எல்லாரும் நெல்லு அடுக்கத்தான் எடுக்கிறாங்க."

பிறிசில்லா நிமிர்ந்தாள். "என்னட்ட முப்பது கதவு கிடக்கு. முதிரை மரம். ஒரு முழ உயரத்துக்குக் கல்லு வைச்சு அதுக்கு மேல படுக்கப் போட்டா, இந்த முற்றம் முழுக்க அடுக்கலாம். விலைக்கு இல்ல. இரவல். உங்கட நெல்லு போனதும் திருப்பித் தாங்க."

அப்துல் கபூர் அவளைப் பார்த்தார். "அதுக்குப் பதிலா உங்கட நெல்லை எடுக்கச் சொல்றீங்க."

"இல்ல நானா. நீங்க எடுத்தாலும் எடுக்காட்டியும் கதவு தருவன். நனையிற நெல்லைப் பாத்துக்கொண்டு போக ஏலாது. அது ஆரோ சாப்பிட வேண்டிய சோறு."

அதைச் சொல்லிவிட்டுத்தான், ஐயோ, பேரத்தை நானே கெடுத்துவிட்டேனே என்று அவளுக்குத் தோன்றிற்று. ஆனால் வாயால் விழுந்ததை அள்ள முடியாது. அவள் முச்சக்கர வண்டியை நோக்கி நடந்தாள்.

"மிஸ், நில்லுங்க," என்றார் அப்துல் கபூர். "கதவு வந்தா என்ர நெல்லு மேல ஏறும். மேல ஏறினா இன்னொரு அடுக்குக்கும் எடம் வரும். உங்கட மூடை அதுக்கு மேல இருக்கட்டும். விலை விழுந்துதான் கிடக்கு. அதுக்காக உங்களுக்குக் குறைச்சுத் தரமாட்டன். போன கிழமை எல்லாருக்கும் என்ன குடுத்தனோ அதுதான் உங்களுக்கும். நாளைக்கு லொறி ரெண்டு அனுப்புறன்."

பட்டறையில் எறோல் குதித்தார்.

"கதவைப் படுக்கப் போடுறதா! அதுக்கு மேல மூடை ஏத்துறதா! அக்கா, நான் செய்த கதவு நிண்டுதான் பழக்கம்!"

"நீயும் மத்தியானத்தில படுக்கிறாய் தானே? ஒண்டும் குறைஞ்சு போகல்லயே," என்றாள் பிறிசில்லா.

ஓடாவிமார் சிரித்தார்கள். எறோல் ஒவ்வொரு கதவாகக் கொண்டியைக் கழற்றி, பிணைச்சலில் எண்ணெய் விட்டு, பழைய சேலைத் துண்டால் சுற்றி, தானே லொறியில் ஏற்றிக் கொடுத்தார். ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பிறிசில்லா கேட்கவில்லை.

சனியும் ஞாயிறு பின்னேரமும் லொறிகள் ஓடின. ஞாயிறு காலை மட்டும் எறோல் வேலை நிறுத்திப் பூசைக்குப் போனார். அப்துல் கபூரின் லொறிக்காரர்கள் அதைக் கேட்டு, "போயிட்டு வாங்க பாஸ், எங்களுக்கும் வெள்ளிக்கிழமை உண்டு தானே" என்று சொல்லி நிழலில் படுத்தார்கள். ஆச்சிப்பிள்ளையின் இரண்டு மூடையை மட்டும் பிறிசில்லா கொடுக்கவில்லை. ஒன்றை ஆறு ஓடாவிமாருக்கும் பிரித்தாள். மற்றதைச் சொன்னபடியே பொங்குவதற்கு மாதா கோயிலுக்கு அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலை உத்தியோகத்தர் வந்தபோது வானம் கறுத்துக் கிடந்தது. அவர் களஞ்சியத்துக்குள் நடந்தார். நாலு சுவரும் தெரிந்தன. நிலத்தில் ஒரு நெல்மணி கூட இல்லாமல் பிறிசில்லா மூன்று தரம் கூட்டியிருந்தாள்.

"எங்க பாஸ் அந்தக் கதவெல்லாம்?"

"வீட்டுக்குப் போயிட்டுது சேர்," என்றார் எறோல்.

"எல்லாம் வித்திட்டீங்களா?"

எறோல் அக்காவைப் பார்த்தார். "வித்தது கொஞ்சம். குடுத்தது கொஞ்சம். படுத்துக் கிடக்கிறது கொஞ்சம்."

உத்தியோகத்தருக்கு அது விளங்கவில்லை. ஆனால் வெறுமையாகக் கிடந்த களஞ்சியம் விளங்கியது. கூரையை அண்ணாந்து பார்த்தார், சுவரில் கையை வைத்துப் பார்த்தார். "சரி பாஸ். முதல் லோட் மரம் வெளியில லொறியில நிக்குது. இடம் இருந்தா இறக்குவம், இல்லாட்டி அப்படியே கொழும்புக் கொம்பனிக்குத் திருப்புவம் எண்டு கையோடயே கொண்டு வந்தன்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மழையின் முதல் துளி தகரக் கூரையில் விழுந்தது.

"மரம் நனையுது!" என்று கத்திக்கொண்டு வினாயகமூர்த்தி ஓடினார். அவருக்குப் பின்னால் மற்ற ஐந்து பேரும். ஏஜென்டிடமிருந்து அழைப்பு வந்து வினாயகமூர்த்தியின் சட்டைப் பையில் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதை எடுத்துப் பிறிசில்லாவின் கையில் கொடுத்தார். "பிறிசில்லாக்கா, நீங்களே சொல்லுங்க. எனக்கு இஞ்ச வேலை கிடக்கு எண்டு."

அவள் சொன்னாள். மறுமுனையில் இருந்தவன் ஏதோ கேட்பதற்குள் போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் சொருகி மழைக்குள் இறங்கினாள். லொறியிலிருந்து நீண்ட பலகை ஒன்று சரிந்து வந்துகொண்டிருந்தது. ஒரு நுனியை எறோல் பிடித்திருந்தார். மறு நுனியைப் பிடிக்க ஆளில்லை.

"அக்கா, நீ தள்ளி நில், இது பாரம்!"

"பேசாம நட!" என்றாள் பிறிசில்லா, மறு நுனியைத் தோளில் ஏற்றிக்கொண்டு.

உத்தியோகத்தர் ஒரு கணம் குடையோடு நின்றார். பிறகு குடையை மடக்கி வைத்துவிட்டு அவரும் ஒரு பலகையைத் தூக்கினார்.